மாப்பிள்ளை தேடிய பத்திரமான இடம்

என் தங்கை புருஷனுக்கு எதைப் பார்த்தாலும் அது யார் தலையில் எப்போது விழும் என்றுதான் யோசனை ஓடும். கல்யாணத்தன்று மண்டபத்துக்குள் காலை வைத்ததும் மனிதர் கேட்ட முதல் கேள்வி, "பின்பக்கக் கதவு பூட்டியிருக்கா, திறந்திருக்கா?" பெண் வீட்டார் நாங்கள் வெலவெலத்துப் போனோம். மாப்பிள்ளை ஓட வழி பார்க்கிறார் என்று நினைத்து, என் சித்தப்பா அந்தக் கதவோரம் இரண்டு ஆளை நிற்கவே வைத்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, தீப்பிடித்தால் கூட்டம் எப்படி வெளியேறும் என்ற கவலையாம். சாவியைத் தேடிப் பிடித்து, கதவை விரியத் திறந்துவைத்த பிறகுதான் மேடை ஏறினார். கல்யாண ஆல்பத்தில் எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர் மட்டும் தலைக்கு மேலே தொங்கும் சரவிளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் வேலை அப்படி. பெயிண்ட் ஃபேக்டரியில் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடாதவனைத் திட்ட வேண்டும், தரையில் எண்ணெய் சிந்தினால் மணலைக் கொட்டச் சொல்ல வேண்டும், மாதத்துக்கு ஒருமுறை திடீரென்று விசிலை ஊதி, மொத்தப் பேரையும் வெளியே வரவழைத்து, மைதானத்தில் பச்சை வட்டம் போட்ட இடத்தில் நிற்கவைத்துத் தலை எண்ண வேண்டும். அந்த வேலையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஃபேக்டரி கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகும் மனிதர் ஆபீசராகவே இருக்கிறார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அவர் வீட்டில் மேசை, நாற்காலி, கட்டில் என்று மூலை உள்ள எல்லாவற்றுக்கும் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். கத்தி, பூட்டுப் போட்ட அலமாரியில். என் தங்கை ஒரு வெங்காயம் நறுக்க வேண்டுமென்றால் முதலில் சாவியைத் தேட வேண்டும்.

இப்படிப்பட்டவருக்கு மச்சானாக நான் வாய்த்தது இன்னும் பெரிய கூத்து. எனக்குக் கண்ணாடிக் கடை. கீழே கடை, மேலே வீடு. ஜன்னல் கண்ணாடி அறுப்பேன், முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் போடுவேன். என் பிள்ளைகள் அந்தக் கண்ணாடிகளுக்கு நடுவில்தான் தவழ்ந்தார்கள், எழுந்தார்கள், வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள். ஒருத்தனுக்கு முழங்காலில் ஒரு தழும்பு; அதுவும் ஃபுட்பால் ஆடி வந்தது. மாப்பிள்ளை என் கடைக்கு வந்தால் வாசலோடு நின்றுவிடுவார். காபி கொடுத்தால் தெருவில் நின்றே குடிப்பார்.

போன வருடம் கம்பெனி அவரை எங்கள் ஊர் ஃபேக்டரிக்கு மாற்றியது. என் தங்கைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அண்ணா, உங்க தெருவுலயே ஒரு வீடு பாருங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. ரெண்டும் சின்னக் குழந்தைங்க, எனக்கு அங்க வேற யாரைத் தெரியும்?" என்று போன் செய்தாள். பெரியவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். சின்னவள் இன்னும் வீட்டில். அதிர்ஷ்டம் பாருங்கள், என் கடைக்கு நேர் எதிரே மெடிக்கல் ஷாப் மாடி காலியாகியிருந்தது. இரண்டு அறை, காற்று வரும் பால்கனி, நல்ல இரும்புக் கம்பி. கடைக்காரரிடம், என் தங்கை வருகிறாள், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவைத்தேன்.

மாப்பிள்ளை வீடு பார்க்கத் தனியாக வந்தார். கழுத்தில் விசில், கையில் அளவு நாடா, சட்டைப் பையில் டார்ச். வீடு பார்க்க வருகிறவன் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பான். இவர் குழாயைத் திறந்து, தண்ணீர் கையைச் சுடுகிறதா என்று பார்த்தார். பிறகு மாடிப்படியில் மண்டி போட்டார்.

"என்ன மாப்பிள்ளை, ஏதாவது விழுந்துடுச்சா?" என்றேன்.

"குழந்தை உயரத்துல இருந்து பாக்கறேன் மச்சான்."

அந்த உயரத்திலேயே அறை அறையாகத் தவழ்ந்து பால்கனி வரை போனார். புதிதாக ஆள் வந்திருக்கிறதே என்று மெடிக்கல் ஷாப்காரர் கையில் காபியோடு படியேறி வந்தார். பேன்ட் சட்டை போட்ட பெரிய மனிதர் ஒருவர் நாலு காலில் எதிரே வருவதைப் பார்த்ததும், சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றார். எனக்கு மானம் போயிற்று.

அடுத்தது தெரு. எங்கள் தெருவில் ஒரு பேக்கரி, ஒரு சலூன், ஒரு சைக்கிள் கடை, முனையில் பஸ் நிற்கும் இடம். என் கடைக்குப் பக்கத்தில் தையல்கடை அக்கா. மெஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு காலால் மிதித்தபடியே போகிறவர் வருகிறவர் எல்லாரையும் விசாரிக்கும் ஜாதி. யார் வீட்டுக் குழந்தை எந்நேரம் எங்கே போகிறது என்று பெற்றவர்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, அந்த அம்மாவுக்குத் தெரியும். மாப்பிள்ளையைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"எதுத்த மாடிக்கு வரப்போறீங்களா தம்பி? கண்ணாடிக்காரர் சொன்னாரு. குழந்தைங்க இருக்கில்ல? பேர் என்ன?"

"அது எதுக்குங்க உங்களுக்கு?" என்றார் மாப்பிள்ளை.

அக்கா என்னைப் பார்த்தார். நான் பேக்கரியைப் பார்த்தேன்.

கொஞ்ச தூரம் தள்ளி வந்ததும், "ஏன் மாப்பிள்ளை, பேர் சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு அந்தப் பேரைச் சொல்லி எவனாவது கூப்பிட்டா குழந்தை பின்னாடியே போயிடும் மச்சான். வெளியில நாங்க பேர் சொல்லிக் கூப்பிடறதே இல்லை. பெரியவ ஒண்ணு, சின்னவ ரெண்டு. அவ்வளவுதான்."

"பெத்த பொண்ணுங்களுக்கு நம்பரா?"

"பேர்னா வெளியாளும் கூப்பிடலாம். நம்பர் எங்களுக்குள்ள மட்டும்."

பிறகு தெருவுக்கு மார்க் போட்டார். பஸ்ஸுக்குக் கழித்தார், பேக்கரி அடுப்புக்குக் கழித்தார், சலூன் கத்திக்குக் கழித்தார். என் கடைக்குக் கழித்ததைச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றையும்விட அதிகமாகக் கழித்தது ஆட்களுக்கு. "வெளியாள் நடமாட்டம் ரொம்ப ஜாஸ்தி மச்சான்" என்றார்.

"அவங்க வெளியாள் இல்லை. தெரு ஆளுங்க."

"எனக்குத் தெரியாதவங்க எல்லாம் வெளியாள்தான்."

"அப்ப அவங்களுக்கு நீங்களும் வெளியாள்தானே?"

"அதனாலதான் சொல்றேன், என்னையும் அவங்க நம்பக் கூடாது." இதைச் சிரிக்காமல் சொன்னார். இதற்கு மேல் இந்த மனிதரிடம் என்ன பேசுவது? என் தெரு ஃபெயில். இத்தனை வருடம் நானும் என் குடும்பமும் அந்தத் தெருவில் உயிரோடு இருந்தது ஏதோ தவறுதலாக நடந்துவிட்டது என்பதுபோலப் போய்விட்டார்.

அவர் தேர்ந்தெடுத்த இடத்துக்கு என்னையும் கூட்டிப்போனார், பெருமை காட்ட. ஊரை விட்டுத் தள்ளி, பஸ் போகாத ரோட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மதில், அதன்மேல் முள்கம்பி. வாசலில் என் பெயர், போன் நம்பர், வந்த காரணம் எல்லாம் கேட்டார்கள். தங்கைக்கு வீடு பார்க்க வந்தேன் என்றால் நம்பவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டுதான் விட்டார்கள். உள்ளே குழந்தைகள் விளையாடும் இடம் ஒன்று. தரையெல்லாம் ரப்பர். யாரும் விழுந்துவிடக் கூடாது என்று சறுக்குமரத்தைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை அந்தச் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டு, "கெட்டியா இருக்கு" என்று திருப்திப்பட்டார்.

"மச்சான், ஒண்ணு கவனிச்சீங்களா? வந்ததுல இருந்து ஒரு ஆளைக்கூட நாம பாக்கல."

"கவனிச்சேன் மாப்பிள்ளை. அதான் பயமா இருக்கு."

"ஃபேக்டரியில எந்த ஏரியாவுல ஆள் கம்மியோ, அங்க விபத்தும் கம்மி. இது கணக்கு."

குடோனுக்கு அந்தக் கணக்கு சரி. குழந்தை என்ன பெயிண்ட் டின்னா? அதைக் கேட்க வாய் வரை வந்தது. என் தங்கை முகத்துக்காக விழுங்கினேன். எப்படியும் நான் கேட்டு அவர் மாறப் போவதில்லை. அங்கேயே குடிபோனார்கள்.

அதன்பிறகு என் தங்கையின் போன் பேச்சு ஒரே மாதிரியாகிவிட்டது. "அண்ணா, எதுத்த வீட்டுல யார் இருக்காங்கன்னே தெரியலை. லிஃப்டுல ஒரு அம்மாகிட்ட சிரிச்சேன், அவங்க போனை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்பாள். குழந்தைகளுக்கு மட்டும் அப்பாவின் பயிற்சி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை விசில் ஊதுவார். இரண்டு குழந்தைகளும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, கைகளை உடம்போடு ஒட்டவைத்து, ஓடாமல் வேகமாக நடந்து, கூடுமிடத்துக்குப் போய் நிற்க வேண்டும். ஃபேக்டரியில் இருப்பதுபோலவே தரையில் பச்சை பெயிண்டில் இரண்டு சின்ன வட்டம். அப்பா வந்து எண்ணுவார். பெரியவள் "ஒண்ணு" என்பாள். சின்னவள் "ரெண்டு" என்பாள். எண்ணி முடிக்கும் வரை வட்டத்தை விட்டுக் காலை எடுக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது.

"அம்மா கூப்பிட்டா?" என்று சின்னவள் கேட்டிருக்கிறாள்.

"அம்மாவே கூப்பிட்டாலும்."

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே போய்க் கேட்டேவிட்டேன். அப்போதுதான் அவர் ஒரு விஷயம் சொன்னார். பழைய ஃபேக்டரியில் ஒருமுறை நிஜமாகவே தீப்பிடித்ததாம். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே, உள்ளிருந்து நண்பன் கூப்பிடுவதுபோல இருக்கிறது என்று ஒரு பையன் வட்டத்தை விட்டு ஓடினான். கூப்பிட்டதாக அவன் நினைத்த நண்பன் பின்வரிசையில்தான் நின்றிருந்தான். ஓடியவன் திரும்பவில்லை. "நான் இன்னும் கொஞ்சம் சீக்கிரமா எண்ணியிருக்கணும் மச்சான்" என்றார். நான் அன்றைக்கு அதோடு கிளம்பி வந்துவிட்டேன். ஆனாலும் ஃபேக்டரித் தீயைக் கொண்டுவந்து நாலு வயதுக் குழந்தையின் தலையில் வைப்பதற்கு அது ஒரு நியாயமா என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

அந்தப் பயிற்சிக்கு என் தங்கை போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு அடுப்படி வேலை. முதலில் வட்டங்கள் முன்பக்கப் புல்தரையை ஒட்டிய சிமென்ட் நடைபாதையில் இருந்தன. அங்கே மேலே ஜன்னல் கண்ணாடி இருக்கிறது, உடைந்தால் தலையில் விழும் என்று மாப்பிள்ளைக்கு ஒருநாள் ஞானோதயம் வந்தது. வளாகத்தின் கடைக்கோடியில், கார் ஷெட்டையும் தாண்டி, உபயோகமில்லாத பம்ப் ரூமுக்குப் பின்னால் ஒரு மூலையைக் கண்டுபிடித்தார். மேலே கண்ணாடி இல்லை, கம்பி இல்லை, மரம் இல்லை. மனுஷன் எட்டிப் பார்க்க ஒரு காரணமும் இல்லை. வட்டங்களை அங்கே மாற்றினார். மாற்றியதை என் தங்கையிடம் சொன்னாரா என்று கேட்டால் இன்றைக்கும் இருவருக்கும் சண்டை வரும்.

இனி விசில். அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேன், லாரி ரிவர்ஸில் வரும்போது கையைத் தட்டி "வரலாம், வரலாம்" என்று கத்துவாராம். மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. டிரைவருக்குக் காது கேட்காவிட்டால்? சின்னக் குழந்தை பின்னால் நின்றால்? குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரிடம் புகார் சொன்னார். செயலாளர் கொட்டாவி விட்டார். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருநாள் காலை வேலைக்குப் போகும்போது தன் கையாலேயே வாட்ச்மேனிடம் ஒரு புது விசிலைக் கொடுத்து, எப்படி ஊத வேண்டும் என்றும் செய்து காட்டிவிட்டுப் போனார். கம்பெனி ஸ்டோரில் எடுத்த விசில். அவர் கழுத்தில் தொங்குவதும் அதே ஸ்டோரில் எடுத்ததுதான்.

அன்று மத்தியானம் தங்கை போன் செய்தாள். அவள் சொன்ன ஒரே வாக்கியம், "அண்ணா, சின்னவளைக் காணோம்." நான் அறுத்துக்கொண்டிருந்த கண்ணாடியை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வாசலில் மறுபடியும் என் பெயரையும் வந்த காரணத்தையும் கேட்டார்கள். "குழந்தையைக் காணோம்னு வந்திருக்கேன்யா!" என்று நான் கத்திய கத்தலில் கேட்டில் உட்கார்ந்திருந்த பையன் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினான். தங்கை புல்தரையில் தலைவிரிகோலமாக நின்றிருந்தாள். கீழே கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாளாம். பக்கத்தில்தான் சின்னவள் கூழாங்கல்லை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். தண்ணி லாரி வந்தது, போனது. ஒரு போர்வையை உதறிப் போட்டுவிட்டுத் திரும்பினால் கற்கள் இருக்கின்றன, குழந்தை இல்லை. லாரியை நினைத்து வாசலுக்கு ஓடியிருக்கிறாள். பிறகு ரோட்டுக்கு. பிறகு மாடி மாடியாக.

மாடி மாடியாக அவள் கதவைத் தட்டிய லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பாதி கதவு திறக்கவே இல்லை. ஒரு வீட்டில் சங்கிலியைக் கழற்றாமலே, "எந்தக் குழந்தை? இங்க குழந்தைங்க இருக்காங்களா என்ன?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறாள். அடுத்த மாடியில் குடியிருக்கிறவள்! அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் போனில் ஒரு குரூப் இருந்தது. குழந்தையைக் காணவில்லை என்று தங்கை அதில் எழுதினாள். அதற்கு ஒரு புண்ணியவான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் போட்டிருந்தான். பார்த்துவிட்டேன் என்று அர்த்தமாம். பார்த்துவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போயிருப்பான், நாசமாய்ப் போனவன்.

மாப்பிள்ளை எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, வாழ்க்கையில் முதல்தடவையாக வெளியில் நின்று மகளின் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். பதில் இல்லை. பிறகு கேமரா ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். நான் போனபோது திரையைப் பார்த்தபடி, முன்னால் ஓட்டிப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாட்ச்மேன்.

"கார் ஷெட் பக்கம் போறா மச்சான். தனியா போறா. அப்புறம் தெரியலை. அங்க கேமரா இல்லை. எவனோ அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டிருக்கான்."

திரையில் குழந்தை குந்தியிருந்தது. கையில் ஒரு கல். சட்டென்று தலையை நிமிர்த்தியது. கல்லைக் கீழே போட்டுவிட்டு எழுந்தது. இரண்டு கையையும் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து திரையை விட்டுப் போயிற்று.

"ஏன் மாப்பிள்ளை, குழந்தை ஏன் இப்படி நடக்கறா?" என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அவர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். கை அப்படியே நின்றது. "நான் இன்னிக்கு விசில் ஊதலையே மச்சான்" என்றார். அந்தக் குரலை அதற்கு முன்னால் அவரிடம் நான் கேட்டதில்லை.

பிறகு மெதுவாகத் திரும்பி வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "லாரிக்கு ஊதினேன் சார். நீங்க சொன்ன மாதிரியே நல்லா நீளமா ஊதினேன்" என்றார்.

ஓடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் மனிதர் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கார் ஷெட்டிலேயே கிடந்தது. பின்னால் தங்கை, அவளுக்குப் பின்னால் நான். ஓடும்போதே எனக்குக் கை பரபரத்தது. குழந்தை கிடைக்கட்டும், அதன்பிறகு இந்த ஆளை ஓங்கி ஒன்று விட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

பம்ப் ரூமுக்குப் பின்னால், மூலையில், வலது பக்கப் பச்சை வட்டத்துக்குள் சின்னவள் நின்றிருந்தாள். கை இரண்டும் உடம்போடு ஒட்டி. முகமெல்லாம் அழுது காய்ந்த கோடு. பாவாடை நனைந்து, வட்டத்துக்குள் ஈரம். அத்தனை நேரமும் அம்மா கத்தியதும் அப்பா கத்தியதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. வாயைத் திறக்கவில்லை. எங்களைப் பார்த்த பிறகும் காலை எடுக்கவில்லை.

தங்கை பாய்ந்து தூக்கப் போனாள். குழந்தை திமிறிக்கொண்டு வட்டத்துக்குள்ளேயே நின்றது. அப்பாவைப் பார்த்துத்தான் பேசியது.

"அப்பா, ஒண்ணு வரலைப்பா. அக்கா இன்னும் உள்ளயே இருக்கா."

பக்கத்து வட்டம் காலியாக இருந்தது. அக்கா பள்ளிக்கூடத்தில் இருந்தாள், பத்திரமாக. ஆனால் இந்தக் குழந்தை அவ்வளவு நேரமும் அக்கா தீயில் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டு தனியாக நின்று அழுதிருக்கிறது. ஓங்கிய என் கை எப்போது கீழே இறங்கியது என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை அந்த ஈரத்திலேயே மண்டி போட்டார். குழந்தை உயரத்துக்கு வந்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றேன். அவரைத் திட்ட வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தை ஒன்றுகூட அப்போது ஞாபகம் வரவில்லை.

திரும்பி வரும்போது கார் ஷெட்டில் ஒருவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டதா என்று கேட்டார். பிறகு, "வாளித் தண்ணியைக் கொட்ட அந்த மூலைக்குப் போனப்பவே பார்த்தேன். சுவத்துப் பக்கம் நின்னுட்டிருந்தது. ஏதோ தண்டனை குடுத்திருக்கீங்க போலன்னு நினைச்சேன். அடுத்தவங்க விஷயம், நமக்கெதுக்கு?" என்று ஒரு கூச்சமும் இல்லாமல் சொல்லிவிட்டு, மறுபடி கார் கண்ணாடியைத் துடைக்கப் போனார். நான் அவரைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. மாப்பிள்ளை மட்டும் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியாளிடம் பேசாதே, அடுத்தவர் பேச்சுக்குப் போகாதே என்று அவர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அச்சுப் பிசகாமல் படித்துப் பாஸ் செய்த ஆள் எதிரே நின்றிருந்தார்.

மறுமாதமே மெடிக்கல் ஷாப் மாடிக்குக் குடிவந்துவிட்டார்கள். உடனே மனிதர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சாமான் இறக்கும் முன்பே என் கடை வாசலில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டார். குழந்தைகள் அதைத் தாண்டி வரக் கூடாதாம். கண்ணாடி தூக்கும்போது நான் அதைத் தாண்டிப் போகக் கூடாதாம். என் கடை, என் வாசல், அவர் கோடு. சலூன்காரரிடம் கத்தியை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டுத் திட்டு வாங்கினார். பேக்கரியில் இன்னும் என்ன நடக்கப் போகிறதோ, பார்க்க வேண்டும்.

ஆனால் கழுத்தில் விசிலைக் காணோம். வந்த மறுநாள் காலை, இரண்டு குழந்தைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மனிதர் தெருவில் இறங்கினார். நேரே தையல்கடை வாசலில் போய் நின்றார். நான் கடையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இவங்க என் பொண்ணுங்க. கொஞ்சம் பாத்து வச்சுக்கோங்க" என்றார். பிறகு, "எங்கயாவது தனியா நின்னா, என்னன்னு கேளுங்க" என்றார்.

தையல்கடை அக்கா லேசில் விடுகிற ஆளில்லை. "ஏன் தம்பி, எங்க தெரு ஃபெயிலாச்சே, மறுபரீட்சை வச்சீங்களா?" என்று ஒரு போடு போட்டார். எல்லாம் நான் சொன்னதுதான். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, சின்னவளின் தாடையைத் தொட்டு நிமிர்த்தினார்.

"உன் பேர் என்ன கண்ணு?"

சின்னவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். இரண்டு கையையும் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டாள்.

"ரெண்டு" என்றாள்.

தையல்கடை அக்காவுக்குப் புரியவில்லை. "ரெண்டாவது பொண்ணா? அது தெரியும்மா. பேர் என்ன?" என்று சிரித்தார். குழந்தை மறுபடியும் அதையேதான் சொன்னது. எனக்கு இருந்த குளுகுளுப்பெல்லாம் போயிற்று. மாப்பிள்ளை குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். சலூன்காரர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும்படி, பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, அந்த மனிதர் தன் மகளின் பெயரைத் தெரு முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டுச் சொன்னார்.